ஞானப்பல் எடுக்கப் போகிறீர்களா? முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

எனக்குக் கீழ்த்தாடையில் இருந்த இரண்டு ஞானப்பல்லையும் எடுத்தாகிவிட்டது, மூன்று வருட இடைவெளியில். முதல் தடவை யாரும் விவரமாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எடுத்த அன்று வாயில் ஊறின ரத்த எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தேன், மறுநாள் ஜூஸ் கடையில் ஸ்ட்ரா போட்டுச் சாத்துக்குடி குடித்தேன், நாலாம் நாள் ராத்திரி காது, நெற்றிப்பொட்டு வரைக்கும் விண்விண் என்று தெறிக்கிற வலி வந்து விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் தடவை ஐந்தாம் நாளே வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு பல்லும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சாய்ந்து புதைந்திருந்தன, வீட்டுக்கு வந்த பிறகு நான் நடந்துகொண்ட விதம்தான் மாறியிருந்தது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பல் வெளியே வந்ததும் எலும்பில் ஒரு குழி விழும். அதில் ரத்தம் நிரம்பி, கொஞ்ச நேரத்தில் ஜெல்லி போல உறைந்து நிற்கும். அடியில் இருக்கிற எலும்புக்கும் நரம்பு முனைகளுக்கும் அந்த உறைவுதான் மூடி, புதுச் சதை வளர்வதும் அதைப் பிடித்துக்கொண்டுதான். துப்பினால், உறிஞ்சினால், வேகமாகக் கொப்பளித்தால், சிகரெட் இழுத்தால் அது பெயர்ந்துவிடலாம், பெயர்ந்தால் வெறும் எலும்பு திறந்து கிடக்கும். இதைத்தான் ட்ரை சாக்கெட் என்கிறார்கள். கீழே நான் செய்யுங்கள், செய்யாதீர்கள் என்று சொல்லப்போகிற பாதிக்கு மேல் இந்த உறைவை முதல் மூன்று நாலு நாளைக்குக் காப்பாற்றத்தான். இது மனதில் இருந்தால் மற்றதைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

எடுத்தே ஆகவேண்டுமா?

ஞானப்பல் பொதுவாக 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கிறது. மொத்தம் நாலு, சிலருக்கு இரண்டுதான் வரும், சிலருக்கு ஒன்றுமே இருக்காது. நேராக முளைத்து, எதிர்ப்பல்லோடு சரியாகக் கடித்து, பிரஷ் எட்டுகிற மாதிரி இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். இங்கிலாந்தில் நைஸ் என்கிற அரசு அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே, நோய் எதுவும் இல்லாத புதைந்த ஞானப்பல்லை வருமுன் காப்பு என்று சொல்லி எடுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது. முன்வரிசைப் பற்கள் கோணலாவதற்கு ஞானப்பல் தள்ளுவதுதான் காரணம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், ஆராய்ச்சிகள் அதை உறுதிசெய்யவில்லை. அந்த ஒரு காரணத்தை மட்டும் சொல்லி நாலையும் எடுக்கச் சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள்.

எடுக்க வேண்டிய காரணங்கள் வேறு. பல் பாதி முளைத்து நின்றுவிடும், மேலே ஈறு தொப்பி போல மூடியிருக்கும், அந்த மடிப்புக்குள் சோறு போய் அழுகி, ஈறு வீங்கி, வாய் நாறி, திறக்கவே முடியாமல் போகும். ஒரு தடவை வந்தால் பார்க்கலாம், திரும்பத் திரும்ப வந்தால் எடுத்துவிடுவதுதான் நல்லது. இன்னொன்று, என் விஷயத்தில் நடந்தது: ஞானப்பல் படுத்த மாதிரி வளர்ந்து பக்கத்துக் கடைவாய்ப்பல்லில் முட்டிக்கொண்டிருக்கும், இரண்டுக்கும் நடுவில் உணவு சிக்கி, நல்லாயிருந்த அந்தப் பல்லும் சொத்தையாகிவிடும். எனக்கு வலித்ததே அந்தப் பக்கத்துப் பல்தான். சிலருக்குப் புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி வரும், அது எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

எடுப்பது என்று முடிவானால் தள்ளிப்போடாதீர்கள். இருபதுகளின் தொடக்கத்தில் வேர் முழுதாக வளர்ந்திருக்காது, எலும்பும் கொஞ்சம் நெகிழ்வாக இருக்கும், ஆறுவதும் சீக்கிரம். நாற்பதுக்கு மேல் எடுக்க முடியாது என்று இல்லை, கொஞ்சம் கூடுதல் பாடு. ஈறு வீங்கிச் சீழ் வைத்திருக்கிற நேரத்தில் பெரும்பாலும் முதலில் சுத்தம் செய்து, வேண்டுமானால் மருந்து கொடுத்து, வீக்கம் தணிந்த பிறகே எடுப்பார்கள், ஏன் இன்றைக்கே எடுக்கவில்லை என்று சண்டை போடாதீர்கள்.

யாரிடம் போவது, என்ன கேட்பது

நேராக முளைத்த மேல்தாடை ஞானப்பல்லை உங்கள் வழக்கமான பல் டாக்டரே பத்து நிமிடத்தில் எடுத்துவிடுவார். எலும்புக்குள் புதைந்த கீழ்ப்பல் என்றால் வாய், முகத்தாடை அறுவைச் சிகிச்சையில் எம்டிஎஸ் என்கிற பல் மருத்துவ மேற்படிப்பு படித்தவர் எடுப்பது நல்லது. பல கிளினிக்குகளில் அவர் வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் வருவார், அவர் வருகிற நாளைக் கேட்டு வாங்குங்கள். செலவு பற்களின் நிலையைப் பொறுத்து ரொம்பவே மாறும், எக்ஸ்ரே, மருந்து, தையல் பிரிப்பது எல்லாம் சேர்த்தா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கையில் காசு இல்லை என்பதற்காக வலியோடு இருக்காதீர்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே 1953-லிருந்து இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காத்திருக்க வேண்டும், ஆனால் இந்த வேலையைத் தினமும் செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஓபிஜி என்கிற முழுத்தாடை எக்ஸ்ரே எடுக்காமல் புதைந்த பல்லில் கை வைக்க விடாதீர்கள். கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது, கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தருவது அதுதான். பல்லின் வேர் அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது அந்தப் படத்தில் தெரியும், ஒட்டி இருப்பது போலப் பட்டால் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். "என் பல் நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறதா டாக்டர்?" என்று வாயைத் திறந்து கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு எதுவும் ஆகாது, சிலருக்கு உதடோ நாக்கோ சில வாரம், சில மாதம் மரத்தாற்போல இருந்து சரியாகும், மிகச் சிலருக்கு அப்படியே தங்கிவிடும். இதை முன்பே தெரிந்துகொண்டு உட்காருவது நம் உரிமை.

இரண்டு பக்கமும் ஒரே நாளில் எடுக்கலாமா என்றால், மயக்கம் கொடுத்து எடுக்கிறவர்கள் ஒரேயடியாக முடித்துக்கொள்வதுண்டு. மரத்துப்போகும் ஊசியில் எடுப்பதாக இருந்தால் ஒரு பக்கம் முடிந்து ஆறிய பிறகு மறுபக்கம் என்பதுதான் என் யோசனை, மென்று சாப்பிட ஒரு பக்கமாவது மிஞ்ச வேண்டும்.

மறைக்கக் கூடாத விஷயங்கள் உண்டு. சர்க்கரை, பிபி, இதயக் கோளாறு, வலிப்பு, கர்ப்பம், எந்த மருந்துக்காவது அலர்ஜி, எல்லாவற்றையும் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் பல் எடுக்கப் போகிறோம் என்று தாங்களாகவே மாத்திரையை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன், அது மிகவும் ஆபத்து. பல்லில் கசிகிற ரத்தத்தை அழுத்தி நிறுத்திவிடலாம், இதயத்திலோ மூளையிலோ அடைப்பு வந்தால் என்ன செய்வது? பல் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்து எடுத்தவர்கள், கழுத்து, தாடைப் பகுதியில் கதிர்வீச்சு எடுத்தவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், அவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் போக வாய்ப்பு இருக்கிறது.

அப்புறம் அந்தப் பேச்சு. என் பாட்டி, "பல்லைப் புடுங்குனா கண்ணு போயிரும்டா, வேண்டாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் வீட்டிலும் யாராவது சொல்வார்கள். பார்வை நரம்பு தனி, பல்லுக்கு வருகிற நரம்பு தனி, மூளையிலிருந்து கிளம்பும்போதே இரண்டும் வேறு வேறு. பல் எடுப்பதால் பார்வை குறையாது, சீழ் வைத்த பல்லை விட்டுவைப்பதுதான் முகம், கழுத்து என்று பரவும். பாட்டிக்கு இதை நிதானமாகச் சொல்லிவிட்டுப் போங்கள், அவர்கள் பயத்தில் சொல்வது நம் மேல் உள்ள அக்கறையில்தான்.

எடுக்கிற அன்று

மரத்துப்போகும் ஊசி என்றால் வெறும் வயிற்றில் போகாதீர்கள். இட்லியோ பொங்கலோ நன்றாகச் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, பல் துலக்கிவிட்டுப் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் காலை நேரமாகக் கேட்டு வாங்குவது நல்லது. முழு மயக்கம் என்றால் மட்டும் அவர்கள் சொல்கிற மணிக்கணக்கில் பட்டினி இருக்க வேண்டும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், அன்று வண்டி ஓட்டிக்கொண்டு திரும்புகிற எண்ணம் வேண்டாம். வீட்டில் ஐஸ், மோர், மாத்திரை, மெத்தென்ற பிரஷ், கூடுதலாக ஒரு தலையணை எல்லாம் முந்தின நாளே தயாராக இருக்கட்டும், திரும்பி வந்து எதையும் தேட மனசு வராது.

உள்ளே நடப்பது என்னவென்றால், முதலில் ஊசி. கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், ஐந்து பத்து நிமிடத்தில் பாதி உதடும் பாதி நாக்கும் தடித்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் ஈறை லேசாகக் கீறி விலக்கி, பல்லை மூடியிருக்கும் எலும்பைக் கொஞ்சம் ட்ரில்லால் எடுத்து, பல்லை இரண்டு மூன்று துண்டாக வெட்டி, நெம்பி வெளியே எடுப்பார்கள். வலி தெரியாது, ஆனால் அழுத்தம் தெரியும், சத்தம் தெரியும், தாடையைப் பிடித்துத் தள்ளுவது தெரியும், "மடக்" என்று ஒரு ஓசைகூட வரும். அது பல் பிளக்கிற ஓசை, தாடை உடைகிற ஓசை இல்லை. ஊசி போல வலித்தால் உடனே இடது கையைத் தூக்குங்கள், இன்னொரு ஊசி போடுவார்கள், பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள அங்கே எந்த அவசியமும் இல்லை. பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

முதல் நாள்

பஞ்சை மடித்து வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். டாக்டர் சொன்ன நேரம் வரைக்கும், அரை மணியோ ஒரு மணியோ, பேசாமல் அழுத்திக் கடித்துக்கொண்டிருங்கள். ரத்தம் நின்றதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் உறைவு பஞ்சோடு பிய்ந்து வரும். எச்சிலை விழுங்குங்கள். ரத்த வாடை அடிக்கும், குமட்டும், இருந்தாலும் விழுங்குங்கள். முதல் நாள் முழுக்க எச்சில் இளஞ்சிவப்பாக வருவது சாதாரணம். கட்டியாக, வாய் நிறைய ரத்தம் ஊறினால் மட்டும் சுத்தமான புதுப் பஞ்சை நனைத்துப் பிழிந்து குழியின் மேலேயே வைத்து அரை மணி நேரம் விடாமல் கடியுங்கள். டீத்தூள் பை இருந்தால் நனைத்து அதைக் கடிக்கலாம், தேயிலையின் துவர்ப்பு ரத்தத்தைக் கட்டும். அதற்கும் நிற்கவில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

மரப்பு மூன்று நாலு மணி நேரம் இருக்கும். அது விலகுவதற்கு முன்பே முதல் வலி மாத்திரையைப் போட்டுவிட வேண்டும், இதை நான் அடித்துச் சொல்வேன். வலி வந்த பிறகு மாத்திரை போட்டு அது வேலை செய்யக் காத்திருப்பது வேறு, வலி வரும்போதே மருந்து உடம்பில் தயாராக இருப்பது வேறு. மாத்திரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டோலோ 650-யில் இருப்பது பாராசிட்டமால், காம்பிஃப்ளாமிலும் ஜீரோடால்-பியிலும் வேறு வலி மருந்தோடு பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கிறது. எழுதிக் கொடுத்தது ஒன்று, வலி தாங்கவில்லை என்று வீட்டில் இருந்ததை எடுத்துப் போட்டது ஒன்று என்று சேர்ந்தால் அளவு மீறி ஈரலைப் பாதிக்கும். அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டுப் போடுங்கள். குடல்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருக்கிறவர்கள் இபுப்ரோஃபென் வகை வலி மருந்தைக் கேட்காமல் தொட வேண்டாம். மெட்ரோனிடசோல் என்கிற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்திருந்தால் மது அறவே கூடாது.

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்துக்கு வெளியே 15 நிமிடம் வையுங்கள், 15 நிமிடம் எடுத்துவிடுங்கள், விழித்திருக்கும் வரை இப்படியே. முதல் நாள் சூடான ஒத்தடம் வேண்டவே வேண்டாம். தலையை உயர்த்தி வைத்துப் படுங்கள். குனிந்து பாரம் தூக்குவது, மாடி ஏறி இறங்குவது, ஜிம் எல்லாம் இரண்டு மூன்று நாளைக்கு விட்டுவிடுங்கள்.

சிகரெட், பீடி, பாக்கு, புகையிலை, வெற்றிலை மூன்று நாளைக்காவது கண்டிப்பாக வேண்டாம், ஒரு வாரம் நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது. ட்ரை சாக்கெட் வருவதற்குப் புகை ஒரு பெரிய காரணம். மேல்தாடைப் பல் எடுத்திருந்தால் மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், மேல் பல்லுக்கு மேலேயே, மூக்கோடு இணைந்த சைனஸ் என்கிற காற்றறை இருக்கிறது.

என்ன சாப்பிடுவது

மரப்பு போகிற வரைக்கும் எதையும் மெல்லாதீர்கள், கன்னத்தையும் நாக்கையும் கடித்துக்கொண்டு தெரியாமலே இருப்பீர்கள். முதல் நாள் ஆறினது, குளிர்ந்தது, மெல்லத் தேவையில்லாதது: மோர், இளநீர், ஐஸ்கிரீம், ஆறவைத்த கேழ்வரகுக் கூழ், குழையக் குழையப் பிசைந்த தயிர்சாதம். எல்லாம் டம்ளரிலோ கரண்டியிலோதான், ஸ்ட்ரா கிடையாது. தயிர்சாதத்துக்குத் தாளிக்காதீர்கள். யாருமே இதைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் கடுகு ஒன்று அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்தால் படுகிற பாடு எனக்குத் தெரியும். எள், ரவை, தக்காளி விதை, கொய்யா விதை எல்லாமே அதே வகைதான்.

இரண்டாம் நாளிலிருந்து சாம்பாரில் ஊறவைத்த இட்லி, இடியாப்பம் தேங்காய்ப்பால், பருப்புக் கடைந்த குழைசாதம், வாழைப்பழம், முட்டைப் பொடிமாஸ் என்று மெல்லப் போகலாம், காரமும் சூடும் குறைவாக. அம்மா கஞ்சியை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் நெய்யும் பருப்பும் சேர்க்கச் சொல்லுங்கள், சரியாகச் சாப்பிடாமல் மாத்திரை மட்டும் விழுங்கினால் வயிறு எரியும், தலை சுற்றும். முறுக்கு, சிப்ஸ், வறுத்த கடலை, சிக்கன் எலும்பு எல்லாம் இரண்டு வாரத்துக்குத் தள்ளி வையுங்கள்.

இரண்டாம் நாளிலிருந்து

வீக்கம் முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாளில்தான் அதிகமாகும். கண்ணாடியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அதுதான் உச்சம், அப்புறம் இறங்கும். கன்னத்தில் பச்சை, மஞ்சளாகக் கன்றிப்போகலாம், வாய் இரண்டு விரல் அளவுக்குமேல் திறக்காது, அந்தப் பக்கம் விழுங்கும்போது தொண்டை வலிக்கும். 48 மணி நேரத்துக்குப் பிறகு வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து, வாயை மெல்ல மெல்லத் திறந்து மூடிப் பழகுங்கள், இறுகின தாடை ஒன்றிரண்டு வாரத்தில் வழிக்கு வரும்.

24 மணி நேரம் கழித்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புக் கலந்து, சாப்பிட்ட பிறகெல்லாம் வாயில் வையுங்கள். கொப்பளிக்க வேண்டாம், வாயில் நிரப்பித் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்துவிட்டு, துப்பாமல் வாயைத் திறந்து தொட்டியில் தானாக விழவிடுங்கள். மற்ற பற்களை மெத்தென்ற பிரஷால் துலக்குங்கள், வாய் அழுக்காக இருந்தால் புண் எப்படி ஆறும்? குழியை நாக்கால் துழாவாதீர்கள், விரலோ குச்சியோ போகவே கூடாது. குழிக்குள் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படலம் தெரியும், சீழ் என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள், ஆறுகிற புண்ணில் வருவதுதான் அது. கிராம்பைப் பொடித்து வைப்பது, கிராம்புத் தைலத்தை நேரடியாக ஊற்றுவது, ஆஸ்பிரினைத் தூளாக்கி அப்புவது எல்லாம் ஈறைப் பொசுக்கிவிடும்.

வலி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும். இரண்டாம் நாள் நன்றாக இருந்து மூன்று, நாலாம் நாளில் திடீரென்று காது வரைக்கும் தெறித்து, மாத்திரைக்கும் அடங்காமல், வாயில் கெட்ட வாடையும் வந்தால் அது ட்ரை சாக்கெட்டாக இருக்கலாம். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் இது வர வாய்ப்பு கூடுதல். இன்னொரு மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்காமல் டாக்டரிடம் போங்கள். குழியைக் கழுவி, கிராம்பு வாசனை அடிக்கும் மருந்துத் துணி ஒன்றை வைப்பார்கள், எனக்கு வைத்த அரை மணி நேரத்தில் வலி பாதியாகிவிட்டது. நாலு நாள் முன்பே போயிருக்கலாமே என்று அன்று அழுகையே வந்தது. உங்களுக்கு அந்த ராத்திரி வரக் கூடாது.

இதைவிட அவசரமானவை உண்டு. மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் கூடிக்கொண்டே போவது, தாடைக்கு அடியிலும் கழுத்திலும் பரவுவது, குளிர் காய்ச்சல், நாக்குக்கு அடியில் தடித்து மேலே தூக்குவது, எச்சிலை விழுங்க முடியாமல் போவது, மூச்சு முட்டுவது. கடைசியில் சொன்ன மூன்றில் ஒன்று இருந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள், 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள், நேரம் நடுராத்திரியாக இருந்தாலும் சரி.

ஒரு வாரத்துக்குப் பிறகு

கறுப்புப் பட்டுநூல் தையல் என்றால் ஒரு வாரம் கழித்துப் பிரிப்பார்கள், லேசாக இழுக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கரைகிற நூல் என்றால் தானே உதிரும், சாப்பிடும்போது வாயில் நூல் வந்தால் பயப்பட வேண்டாம். ஒரு வாரம் கழித்தும் உதடோ நாக்கோ இன்னும் மரத்தாற்போல இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், எந்த இடம் என்று குறித்து வைத்துக்கொண்டு போகப்போக எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பார்கள்.

கீழ்ப்பல் குழியில் சோறு போய் உட்காருவது இரண்டு மூன்று வாரம் இருக்கும். டாக்டரிடம் கேட்டு ஊசியில்லாத ஒரு சிரிஞ்சை வாங்கி, அவர் சரி என்று சொன்ன நாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை மெல்லப் பீய்ச்சிக் கழுவுங்கள். ஈறு மூடிக்கொள்ள மூன்று நாலு வாரம் ஆகும், உள்ளே எலும்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும், அது நமக்குத் தெரியாமலே நடக்கும். அதுவரை மறைந்திருந்த பக்கத்துப் பல்லின் பின்புறம் இப்போது வெளியே வந்திருப்பதால் ஜில்லென்று தண்ணீர் குடித்தால் கூசும், சில வாரத்தில் குறைந்துவிடும். கூசுகிறது என்று அந்த இடத்தைத் துலக்காமல் விடாதீர்கள். சின்னத் தலை உள்ள பிரஷை வாங்கி, வாயைப் பாதி மூடினால் கன்னம் தளர்ந்து இடம் கிடைக்கும், அப்படி உள்ளே விட்டு அந்தப் பின்புறத்தைத் தினமும் இரண்டு வேளை தேய்த்துவிடுங்கள்.